அம்சவேணி எடுத்த நகல்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அம்சவேணியின் கம்ப்யூட்டர் கடை. விண்டோஸ் திணறிய பழைய பெட்டியில் தானே லினக்ஸ் போட்டு, தமிழ் விசைப்பலகை, பிரிண்டர், மிளகு விலை போடும் தாள் எல்லாவற்றையும் அதில் பழக்கி வைத்திருந்தாள். மலையில் நெட்டை நம்பிப் பிழைக்க முடியாது.

மிளகுச் சங்கத்துக்கு யாரோ பழைய லேப்டாப்புகள் கொடுத்தபோது, தன் சிஸ்டத்தையே பென்டிரைவுகளில் ஏற்றித் தந்தாள். செருகி ஆன் செய்தால் போதும், அவள் கம்ப்யூட்டர் மாதிரியே எழும். நகல் எடுக்கையில் சாஃப்ட்வேர் கேட்டது: சொந்த ஃபைல்களும் போகட்டுமா, வெறும் சிஸ்டம் மட்டுமா? சொந்தத்தை விட்டால் தமிழ் அமைப்புகளும் போய்விடும். ஒவ்வொன்றிலும் மறுபடி யார் போடுவது? எல்லாம் போகட்டும் என்று டிக் அடித்துவிட்டாள்.

மறுவாரம் செல்வம் வந்தான். சங்கத்தில் எடை போடுகிறவன். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் முன்னாலேயே கேட்டான்.

“ஏனுங்கக்கா, பென்டிரைவுல மிளகு வெலதான் இருக்கும்னீங்க. எங்க அண்ணியும் இருக்குதே, பூ வெச்சுக்கிட்டு?”

யாரோ சிரித்தார்கள். அம்சவேணிக்குக் காது சுட்டது.

செல்வத்தின் அண்ணி யமுனா, கணவன் செத்த பிறகு பூவைத் தொடாதவள். மறுமணத்துக்கு வரன் தேடிப் பதிய ஒரு படம் வேண்டுமென்று ரகசியமாகக் கடைக்கு வந்திருந்தாள். கடைக் கதவைப் பாதி இறக்கி, தன் தலைப் பூவைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டவளே அம்சவேணிதான். “என் மிஷினத் தாண்டி எங்கயும் போவாது கண்ணு” என்றும் சொல்லியிருந்தாள்.

“அது உங்கண்ணன் இருந்தப்ப எடுத்த பழைய படமா இருக்கும், செல்வம்.”

“பழசுங்களா? பின்னாடி தொங்கற காலண்டரு இந்த வருசத்துதுங்கக்கா.”

செய்த தப்பைவிட அந்தப் பொய் அவளை அதிகம் கூசவைத்தது. கடையைச் சாத்திவிட்டு யமுனாவைத் தேடிப் போனாள். யமுனா மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் கம்ப்யூட்டர் மேல் பழிபோட வார்த்தை கோத்துக்கொண்டே வந்தவளுக்கு, யமுனா நிமிர்ந்து சிரித்ததும் ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

“உம் படம் சங்கத்துக்குப் போயிருச்சு சாமி. நாந்தான் பாக்காம சேத்து அனுப்பிட்டேன். செல்வம் பாத்துட்டான்.”

யமுனாவின் கையில் களைக்கொத்து அப்படியே நின்றது. “எத்தன பேருக்கா பாத்தாங்க?”

“தெரீல. பென்டிரைவெல்லாம் வாங்கி அழிச்சர்றேன்.”

“அவுங்க கண்ணுல இருக்கறத?”

யமுனா களைக்கொத்தை வரப்பில் சாய்த்துவைத்தாள்.

“கொழுந்தனாரு ஊட்டுக்குப் போறதுக்குள்ள நம்ம போயரோணும்” என்றாள் யமுனா. “அத்தகிட்ட நீங்களே சொல்லுங்க. ஒளிச்சு ஒளிச்சு ஏதோ பண்ணீட்டன்னு அவரு சொல்றதுக்கு முன்னாடி, கண்ணாலத்துக்குத்தான் எடுத்தேன்னு சொல்லுங்க. எனக்கு வாய் வராது.”

இருவரும் வரப்பு வழியே நடந்தார்கள். யமுனா வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல்.

“நாந்தானுங்க, அம்சவேணி.” அது உள்ளே எட்டியிருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை உரக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.