கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

சோபா வேலை செய்கிறவனுக்குக் கடவுள் இன்னொரு கை கொடுத்திருக்க வேண்டும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, ஒரு கை சுத்தியலுக்கு. ஆணியை யார் வைத்துக்கொள்வது? அதனால் அந்தத் தொழிலில் வாயும் ஒரு கைதான். சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி வலக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ள வேண்டும். காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய் மரத்தில் இறக்கும். பார்க்கிறவர்களுக்குப் பல் கூசும். சோபா கடை வைத்திருக்கும் இந்தப் பெரியவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மீசை அரும்பிய வயதில் ஒரு சினிமா கொட்டகையின் கிழிந்த நாற்காலிகளில் பழகியது. தலை முழுக்க நரைத்தும் ஒரு ஆணியைக்கூட விழுங்கியதில்லை. அக்கம்பக்கத்தில் அவருக்கு ஆணிவாய்க்காரர் என்றே பெயர்.

உறை தைப்பது அவர் மனைவி. எல்லோருக்கும் அவர் தையலம்மா. கடையின் பின்பக்கம் பெரிய மெஷினில் ரெக்சினை ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். புருஷன் வாய் நிறைய ஆணியோடு "ம்" கொட்டுவார். எங்கள் வீட்டில் சண்டை வராததற்குக் காரணமே அந்த ஆணிதான் என்று தையலம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

போன வருஷம் ஆணிவாய்க்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தபோது இரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ஆயுசு முழுக்க. இவர் கையில் விட்டால் மறந்து தொலைப்பார் என்று தையலம்மா பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். காலைச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கியதும் மெஷினை நிறுத்திவிட்டு, மாத்திரையும் தம்ளரில் தண்ணீருமாக வருவார். அந்த நேரம் புருஷனின் இரண்டு கையும் துணியில் இருக்கும், வாயில் ஆணி இருக்கும். உதட்டோரம் லேசாகத் திறப்பார். தையலம்மா மாத்திரையை இடது பக்கம் செருகிவிட்டு, தண்ணீரைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போவார்.

ஆணி இருக்கிற வாயில் தண்ணீர் குடிக்க முடியுமா? முடியாது. அதனால் மாத்திரை இடக் கன்னத்தில் காத்திருக்கும். வாயிலிருக்கும் ஆணி தீருவதற்குள் அது கரைந்தே போய்விடும். புளிப்பாக ஏதோ எரியும். எப்படிப் போனாலும் வயிற்றுக்குத்தானே போகிறது என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் முகம் மழிக்கும்போது கன்னத்தை உப்பினவர், வாயைத் திறந்து கண்ணாடிக்குக் கிட்டே போனார். இடக் கன்னத்தின் உள்ளே ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை. நகத்தால் தொட்டதும் உரிந்து வந்தது. அடியில் சிவப்பு.

அவருக்கு அது என்னவென்று தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார். அவருடைய அண்ணனுக்கு வாய்ப்புற்று இப்படி ஒரு வெள்ளையில்தான் தொடங்கியது. அண்ணன் புகையிலைக்காரர், இவர் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் வருகிற நோய் ஆள் பார்த்தா வருகிறது? அண்ணனைக் கடைசி வரைக்கும் வீட்டு முன்னறையில் படுக்கப் போட்டுப் பார்த்துக்கொண்டது தையலம்மா. ஸ்பூனில் கஞ்சி ஊற்றியதும், வாயோரம் துடைத்ததும், அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததும் அவர்தான். எல்லாம் முடிந்த பிறகு அந்த அறைக்குள் நுழையவே தையலம்மாவுக்கு நெடுநாள் பிடித்தது.

இன்னொரு தடவை அவளால் முடியாது. ஆணிவாய்க்காரருக்கு இந்த ஒன்றுதான் தோன்றியது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒருக்களித்து நெடுநேரம் கிடந்த கை மரத்துப்போவதுபோல மனசு மரத்துக் கிடந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அதற்கப்புறம் சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிக் காரத்தை ஒதுக்கினார். ஆணி இல்லாத நேரத்திலும் "ம்"தான். வாய்க்குப் பூட்டு போட்டாச்சா என்று தையலம்மா முதலில் கேலி செய்தார். பிறகு தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மெஷின் சத்தமும் சுத்தியல் சத்தமும் மட்டும் கேட்டன. மாத்திரை மட்டும் ஒருநாளும் தவறவில்லை. தையலம்மா வருவார், செருகுவார், போவார். அந்த இடமே எரியும். அதுவும் நோயின் எரிச்சல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். வாயில் வைத்ததையே சந்தேகப்படத் தெரியாத மனுஷர்.

ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், காத்திருக்கும் அறை பெஞ்சுகளுக்கு உறை மாற்றும் வேலை வந்தது. பெஞ்சைத் தூக்கி வர முடியாது, அங்கேயே போய் செய்தார்கள். நோயாளிகள் இல்லாத வேளை. டாக்டரம்மா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ஆணி அடிப்பதை வேடிக்கை பார்த்தார். தையலம்மா வழக்கம்போல மாத்திரையைச் செருகிவிட்டு நகர்ந்தார். டாக்டரம்மா அவருடைய இடக் கன்னத்தையே பார்த்தார்.

"ஐயா, அந்த மாத்திரையை எப்ப முழுங்குவீங்க?"

ஆணிவாய்க்காரர் சுத்தியலால் முதலில் வாயிலிருந்த ஆணியையும் பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர்த் தம்ளரையும் காட்டினார். டாக்டரம்மா ஆணிகளைத் துப்பச் சொன்னார். உள்ளறை நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். மனைவி பின்னாலேயே வந்து நிற்பதை ஆணிவாய்க்காரர் கவனித்தார். மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் விளக்கு உள்ளே விழுந்துவிட்டது.

தையலம்மா பார்த்தார். பார்த்ததுமே அவருக்கும் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இது மாத்திரை சுட்ட புண் மாதிரிதான் தெரிகிறது. வயிற்றுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய மருந்து கன்னத்திலேயே கிடந்தால் அந்த மெல்லிய தோலை வேக வைத்துவிடும். வேறு மருந்துகளும் வாயில் விளையாட்டுக் காட்டும். சில பிரஷர் மாத்திரைக்கு ஈறு வீங்கும், மூச்சுத்திணறலுக்கு மருந்து உறிஞ்சுகிறவர்கள் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். தையலம்மா பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைத்தொட்டியைத் தேடினார். டாக்டரம்மா தடுத்தார். மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சுக்கு ஆபத்து, தண்ணீரோடு உடனே விழுங்கினால் போதும். இரண்டு வாரம் கழித்து வாருங்கள், ஆறாமல் இருந்தால்தான் சதையெடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் தையலம்மா நின்று கேட்டார்.

"இதை எப்பப் பார்த்தீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"உங்க அண்ணனுக்குப் பார்த்தவ, உங்களுக்குப் பார்க்க மாட்டேனா?"

"பார்ப்பே. அதனாலதான் சொல்லல."

கொஞ்ச தூரம் போனதும் தையலம்மா, "தினமும் நான்தான வச்சேன். என் கையாலதான வச்சேன்" என்றார். நீ என்ன பண்ணுவே என்று ஆணிவாய்க்காரர் சொன்னார். அது தையலம்மா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் கன்னம் ஆறிவிட்டது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சிரித்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று ஆணிவாய்க்காரருக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. வேறு யாருக்கோ நல்ல செய்தி வந்தது போலிருந்தது.

கடையில் எல்லாம் பழையபடி நடந்தது, ஒன்றைத் தவிர. தையலம்மா மாத்திரையை வாயில் வைப்பதை நிறுத்திவிட்டார். பலகை மேல் வைத்து, பக்கத்தில் தண்ணீரை வைத்து, முகம் பார்க்காமல் போய்விடுவார். ஆணிவாய்க்காரர் ஆணிகளைத் துப்பிவிட்டு, தானே எடுத்துப் போட்டு விழுங்குவார். ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பலகையில் மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சுத்தியல் பாதியில் நின்றுவிடும். இத்தனை நாளில் முதல்முதலாக ஏதோ ஒன்று வலித்தது அப்போதுதான்.

ஒரு காலை, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே சுத்தியலைக் கீழே வைத்தார். கன்னத்திலிருந்த ஆணிகளையெல்லாம் டப்பாவில் துப்பினார். குடிக்க வைத்திருந்த தம்ளர் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, காலித் தம்ளரைப் பலகை மேல் வைத்தார். மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாயைத் திறந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தாடை வலித்தது. அவர் மூடவில்லை.

மெஷின் நின்றது. தையலம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆணி இல்லாத வாய், இரண்டு கன்னமும் சுத்தமாக. எழுந்து வந்து, கிட்டே குனிந்து, இடப்பக்கம் நெடுநேரம் பார்த்தார். தையலம்மாவின் கண் கலங்கியது. பிறகு போய்த் தம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை முதலில் தண்ணீரைக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம்தான் மாத்திரையை வாயில் வைத்தார்.