சாந்த் பாஷாவின் வேனும் வாய்க்கால் முடிகிற கழனியும்

சாந்த் பாஷா பாய் தன் வேனுக்குச் சாவி போட்டால் போதும், கர்நாடகத்துக்கு மேலே நிற்கிற மேகமெல்லாம் பயந்தோடி அரபிக்கடலில் விழுந்துவிடும். சாமல்பட்டி டீக்கடையில் இதைப் பரப்பியவன் நான்தான். பாதிப்பேர் நம்பவும் செய்தார்கள்.

நம்பக் காரணம் உண்டு. ஏரி நிரம்பிய வருஷம் எல்லோரும் நடவுக்குப் போய்விடுவார்கள். பாயின் வேன் காலியாக ஓடும். ஏரி பாதியானால் வேன் பாதி நிறையும். எண்பத்திரண்டில் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. வேனின் கூரைமேலும் ஆள். திங்கட்கிழமை ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஏற்றிப்போய், சனிக்கிழமை கூட்டி வருவார். எண்பத்தாறிலும் அதே கதை. ஊர் காய்ந்தால் பாய்க்குக் கொண்டாட்டம் என்று பேச்சு.

ஆனால் மழை பெய்ததும், ஓசூரில் எங்கள் ஊர் ஆட்கள் தங்கியிருக்கிற மூக்கண்டப்பள்ளியில் அறை அறையாகக் கதவைத் தட்டி, "ஏரி ரொம்பிடுச்சுடா, வூட்டுக்குக் கெளம்புங்க" என்று சொல்கிறவரும் அவர்தான். அப்புறம் காலி வேனைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவார்.

எண்பத்தெட்டில் அவருக்கே நெல்மேல் ஆசை வந்தது. எங்கள் கழனிக்குக் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில், அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நட்டார்.

"ஒரு தடவையாச்சும் என் நெல்லை என் வூட்டுல பொங்கித் தின்னணும்டா."

"ஏன் பாய், ஓசூரு ஓட்டல்ல சோறு தீந்துபோச்சா?"

"முனிவேலு, உன் வாய்க்கு ஒரு பிரேக் வைக்கணும்டா."

கதிர் வெளிவரும் சமயம் ஏரி மளமளவென்று இறங்கியது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் வெறும் வைக்கோல். எங்கள் முறை முடிந்த பிறகுதான் அவர் முறை. அதற்குள் தண்ணீர் மதகுக்குக் கீழே போய்விடும். எங்கள் நெல்லோ முன்னாலேயே நட்டது, மஞ்சள் தட்டிவிட்டது. இருந்தும் அப்பா முறையை விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை ஆட்கள் காத்திருந்தார்கள். பாய் வேனை எடுத்தார். பாடவில்லை.

சனிக்கிழமை வந்து இறங்கியதும் நேரே கழனிக்குத்தான் போனார். கதிர்கள் பச்சையாக நிமிர்ந்து நின்றன. குனிந்து சேற்றைத் தொட்டுப் பார்த்தார். நான் வரப்பில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்தேன்.

"ஏது தண்ணி?"

"மழை பாய். ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு."

பாய் வரப்பேறி எங்கள் கழனியைப் பார்த்தார். விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

"உங்களதைத் தாண்டிக் குதிச்சு என்னுதுல மட்டும் பேஞ்சுதா?"

"சில நேரம் அப்பிடித்தான் பாய்."

எங்கள் மடையைக் காட்டினார். "இதை அடைச்சது?"

"காத்துல மண்ணு சரிஞ்சிருக்கும்."

"காத்து மண்வெட்டிப் பின்பக்கத்தால தட்டித் தட்டிச் சமமாக்கிட்டுப் போச்சா? உங்கப்பன் சென்னகிருஷ்ணன் எங்கடா போயிருந்தான்?"

"ஊத்தங்கரை சந்தைக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். பாய் கைச்சேற்றை என் தலைமுடியிலேயே துடைத்தார்.

"அறுப்புக்கு வந்துடு. உங்கப்பன் கேட்டா நானும் மழைன்னே சொல்றேன்."