பாரம் தெரியாத முதுகு

சிட்னியின் டூங்கபியில் நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு சனிக்கிழமை பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது அது படி வளைவில் இறுகிவிட்டது. மேலே நான். கீழே, இலங்கையிலிருந்து என்னோடு ஒரே படகில் வந்து ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணை. அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டையும் டையும் நெஞ்சில் பெயர் அட்டையுமாக இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். ஒருவன் அமெரிக்கன். மற்றவன் தொங்கா தீவுக்காரன், வாசலை அடைக்கிற உடம்பு. மோர்மன் மதம் பரப்ப வந்தவர்கள். வேறு நாளென்றால் கதவைத் திறந்திருக்க மாட்டோம். ஃப்ரிட்ஜ் படியில் கிடக்கும்போது மதம் பார்க்க முடியுமா?

மேலே கொண்டுவந்து வைத்துத் தந்தார்கள். அண்ணை தேத்தண்ணி போட்டார். அவர்கள் தொடவில்லை, தேயிலை அவர்களுக்கு விலக்காம்.

"தேத்தண்ணி விடச் சொல்லுற கடவுளோ? எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, தேசிக்காய் பிழிந்து சர்பத் கரைத்துக் கொடுத்தார். அதை இரண்டு முறை வாங்கிக் குடித்தார்கள். பிறகு அமெரிக்கப் பையன், ஒரு கதை சொல்லலாமா என்று கேட்டான். தூக்கித் தந்தவனுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கதிரையில் உட்கார்ந்தோம்.

அவர்கள் வேதத்தில் உள்ள கதை. ஒரு சனம் அடிமைப்பட்டுப் போகிறது. முதுகில் சுமை, தலைக்கு மேலே காவல். வாய்விட்டுக் கும்பிட்டால் கொலை. ஆகவே மனதுக்குள் கும்பிடுகிறார்கள். கடவுள் கேட்டுவிடுகிறார். ஆனால் உடனே விடுவிக்கவில்லை; சுமை முதுகில் இருந்தபடியே, அதன் பாரம் தெரியாமல் ஆக்கிவிடுகிறார். பிறகு ஒரு விடியற்காலையில் காவலாளிகளுக்கெல்லாம் பெருந்தூக்கம் வருகிறது. சனம் ஆடு மாடுகளோடு நடந்து வெளியேறுகிறது.

"நல்ல கதை தம்பி" என்றார் அண்ணை. "ஆனா எங்கட விசயத்தில காவல்காரன் நித்திரை கொள்ளேல்லை. விசா ஃபைல்தான் நித்திரை கொள்ளுது."

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சோபா, கட்டில், அலுமாரி என்று வீடு வீடாகத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. தோளில் ஒரு பட்டி மாட்டுவோம். சரியாக மாட்டினால் பாரம் தெரியாது. ஆனால் பாரம் எங்கும் போய்விடுவதில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது முழங்கால் சொல்லும். அதை என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, "ஏன் இறக்கி வைக்கவில்லை உங்கள் கடவுள்?" என்று கேட்டேன். அமெரிக்கன் புத்தகத்தைப் புரட்டினான். தொங்காக்காரன் மட்டும், "எனக்குத் தெரியாது" என்றான். அந்தப் பதிலுக்காக அவனை எனக்குப் பிடித்துப்போனது. சில மாதங்களில் அவர்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் சுமை இதுதான். படகு ஏறும்போது மகளுக்கு மூன்று வயது. கையில் இருந்த தற்காலிக விசாவில் அவளையும் தாயையும் கூப்பிட முடியாது. நான் ஊருக்குப் போனால் திரும்பவும் முடியாது. நிரந்தர விசா கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் மகளோடு போனில் கதைத்து முடிந்ததும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். பிறகு அழாமல் படுக்கப் பழகினேன். பிறகு கதைத்த கையோடு சாப்பிடவும் முடிந்தது. ஒரு ஞாயிறு மகள் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் பார்த்தபடி "ஓம், ஓம்" என்றுகொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கதை நினைவு வந்தது. பாரம் தெரியவில்லை. பயந்துபோனேன்.

ஒருநாள் விசா வந்தது. ஃபைல் எப்படி விழித்ததென்று யாருக்கும் தெரியாது. அண்ணை கற்பூரம் கொளுத்தினார். நான் அடுத்த நாள் வழக்கம்போல் சோபா தூக்கப் போனேன். குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டு, மறுபடி காத்திருந்து, கடைசியில் சிட்னி விமான நிலையத்தில் போய் நின்றேன்.

மனைவி என்னைக் கண்டதும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு அழுதாள். மகளுக்குப் பதினாறு வயது. என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். "எப்பிடி இருக்கிறீங்கள் அப்பா?" என்று மரியாதையாகக் கேட்டாள், முதன்முதலாகப் பார்க்கிற அங்கிளிடம் கேட்பதுபோல. முதுகில் பெரிய பை. அதன் வார் இழுத்து அவளுடைய தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெரிந்த வேலையைச் செய்யலாமென்று பை வாரில் கை வைத்தேன்.

அவள் மெதுவாக விலகிக்கொண்டாள்.

"விடுங்கோ அப்பா. பாரமில்லை" என்றாள். "எனக்குப் பழகிட்டுது."