அக்காவின் தெத்துப்பல்

எங்கள் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர். செட். பட்டறையில் அவர் செய்வது பல் செட். அளவெடுத்த மாவு இறுகினால் செட் ஆச்சு. கூடப் படித்த தடியன்கள் எல்லாரும் ‘நம்ம செட்டு’. அக்காவை முதன்முதலில் பார்த்துவிட்டுச் சொன்னதும் “செட் ஆயிடும்”தான். அதற்கு மேல் அவளைப் பற்றி அந்த மனுஷன் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அக்கா துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். பேச்சும் சிரிப்பும்தான் பிழைப்பு. ஈறு கெட்டு மேல்வரிசைப் பல் மொத்தத்தையும் எடுத்த பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டோடு முடங்கிவிட்டாள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியனுப்பினார்.

அத்தான் சோறு தண்ணி மறந்து ஒரு செட் செய்தார். அளவுகோல் வைத்து அடுக்கியது போல் இருந்தது. அக்கா மாட்டினாள், கண்ணாடி பார்த்தாள், கழற்றினாள்.

“செட் ஆகல.”

ராவித் தேய்த்துக் கொடுத்தார். மறுபடியும் அதே பதில். எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்க குத்துது? சொல்லித் தொலையேன்க்கா.”

“எங்கயும் குத்தல. என் தெத்துப்பல் எங்க?”

அத்தான் தலையைச் சொறிந்தார். “கல்யாணமான நாள்லேருந்து அத நேராக்கணும்னு கை துறுதுறுன்னு இருந்துச்சு. இப்பத்தான் வாய்ப்பு கெடச்சுது.” இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

“நான் சிரிக்கறப்பல்லாம் அதத்தான் பாத்துட்டிருந்தீங்களா? ஆசையா பாக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்.” அக்கா அழுதேவிட்டாள்.

அத்தான் எழுந்து பட்டறைக்குப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நானும் பின்னாலேயே போனேன். புதிதாக மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பல்லைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஒரு நூல் அளவு சாய்த்தார்.

“பழைய போட்டோ எடுத்துட்டு வரவா?”

“எதுக்கு? கண்ணுலயே நிக்குதே.”

கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. போட்டோ வேண்டாம், கண்ணிலேயே நிற்கிறது என்றதை மட்டும் அக்காவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன்.

அக்கா கடைக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி அவள் வாயையே உற்றுப் பார்த்தாள்.

“பல் கட்டறவர் வீட்டுக்காரிக்கே ஒரு பல் கோணலா இருக்கே. அவர் கவனிக்கலையா?”

அக்கா கடை அதிரச் சிரித்தாள். “கவனிக்காம என்ன? பாத்துப் பாத்து வெச்சதுங்க.”