எங்கள் வானொலியின் காது

ஆயர் ஈத்தாம் ஊரில், சாலையோர மண்பாண்டக் கடையில் பூச்சட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது புவனா அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய கார்களால் கடை வாசல் நிரம்பியிருந்தது. "சரசு, அண்ணன் போயிட்டாரும்மா," என்றார். "சாப்பிட்டாரு. கொஞ்ச நேரம் படுக்கிறேன்னாரு. டீ போட்டுட்டு எழுப்பப் போனேன், எந்திரிக்கல." என் கணவர் சட்டியைக் கையில் ஏந்தியபடி என் முகத்தையே பார்த்தார். என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "இல்லண்ணி, காலையிலதானே என்னைத் திட்டினாரு!"

திட்டியது உண்மை. வானொலியில் என் காலை நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதியிருந்தார்: "சரசு, இன்னிக்கு உன் 'ச' எல்லாம் ஊசியா குத்துது. யாரோ மைக்கை நகர்த்தியிருக்காங்க. நாளைக்கு வந்து பாக்குறேன்." நான் உதட்டைப் பிதுக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். எங்கள் கடைசி உரையாடல் அப்படி முடிந்தது. அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, யோகநாதன் அண்ணனுக்கு அதுதான் பாசம். 'நல்லா இருந்துச்சு' என்று அவர் எழுதியிருந்தால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்போம்.

அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒலிபெருக்கி தயாரிக்கும் ஆலை ஒன்றில், சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார்சைக்கிளில் தினமும் பாலம் கடந்துபோய் வந்தவர். ஓய்வு பெற்றதும் அண்ணியின் ஊரான பத்து பாகாட்டுக்குக் குடிவந்தார். எங்கள் இணைய வானொலி இங்கே ஒரு திரைச்சீலைக் கடையின் மாடியில், ஓர் அறையில் இயங்குகிறது. கோபுரம் கிடையாது, அலைவரிசை கிடையாது. ஒரு கணினி, இரண்டு மைக்குகள், நிறையப் பேச்சு. ஆலைப் பேருந்தில் போகிறவர்கள், சமையலறையில் நிற்கிறவர்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிற தாதியர் எனப் பலர் கைப்பேசியில் எங்களைக் கேட்கிறார்கள்.

அவரும் ஒரு நேயராகத்தான் வந்தார். சரியாகச் சொன்னால், புகார் செய்கிறவராக. ஒருநாள் நேரலையில் வாழ்த்துச் சொல்லும் அங்கத்தில் அழைப்பு வந்தது. "யாருக்குங்க வாழ்த்து?" என்று கேட்டேன். "வாழ்த்து இருக்கட்டும்மா. இப்ப போட்டீங்களே நாதஸ்வரம், அது தண்ணிக்குள்ள உக்காந்து ஊதுற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். வானொலியை நடத்தும் மணிமாறன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவரே தொலைபேசியை வாங்கி, கொஞ்சம் கோபமாகவே, "அப்ப நீங்களே வந்து சரி பண்ணுங்க லா!" என்றார். அன்று பிற்பகலே அண்ணன் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு ஹெட்ஃபோன், ஒரு பொட்டலம் கச்சான் கடலை. "பசியாறிட்டீங்களா?" என்று எல்லாரையும் விசாரித்தார். பிறகு யாரும் சொல்லாமலே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பாட்டும் பேச்சும் இணையத்துக்குப் போகுமுன் ஒரு மென்பொருள் வழியாகப் போகும். சத்தம் கூடினால் அது இறக்கும், குறைந்தால் ஏற்றும். கீழ்ச்சுரத்தையும் மேற்சுரத்தையும் தனித்தனியே பிடித்து ஒழுங்கு பண்ணும். அதற்குப் பிறகு, நேயருக்குத் தரவு அதிகம் செலவாகாதபடி ஒலி சுருக்கப்படும். மென்பொருளில் ஆயத்தமாகப் பல அமைப்புகள் இருந்தன. அவற்றில் மிகவும் கம்பீரமான பெயர் எதுவோ அதை மணிமாறன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அது நடன விடுதி இசைக்கு உரியது என்று அண்ணன் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. "பாட்டை ரிக்கார்ட் பண்ணவங்களே ஒரு தடவை பிழிஞ்சுட்டாங்க. நீங்க இங்க ரெண்டாவது தடவை பிழியிறீங்க. அனுப்பும்போது மூணாவது தடவை. பிழிஞ்ச தேங்காயையே பிழிஞ்சா நேயருக்கு என்ன வரும்?" என்று கேட்டார். அன்று மாலை அதே நாதஸ்வரத்தைத் திரும்பப் போட்டோம். ஊதியவர் தண்ணீரிலிருந்து எழுந்து கரைக்கு வந்திருந்தார். மணிமாறன் மறுபேச்சின்றி அண்ணனுக்கு அறைச் சாவி ஒன்று செய்து கொடுத்தார்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். வந்த புதிதில், மெதுவாகப் பேசும் விருந்தினர்களின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, தணிந்த ஒலியை உயர்த்தும் பகுதியை நிறையக் கூட்டிவிட்டார். அந்த வாரம் தேவாரம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் நன்றாக யோசித்துத்தான் பதில் சொல்வார். அவர் யோசித்த இடைவெளியில் மென்பொருள், 'சத்தமே இல்லையே' என்று பதறி, கிடைத்ததையெல்லாம் மேலே தூக்கியது. முதலில் மின்விசிறி. பிறகு கீழே கடையில் ஓர் அம்மா: "அலமாக்! இந்த ஆரஞ்சு வேணாம் லா, தீபாவளிக்கு ஆரஞ்சு போட்டா மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆசிரியர் பக்தி எது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் வந்த அழைப்புகளில் ஒன்றுகூட பக்தியைப் பற்றியதில்லை. அந்த அம்மா கடைசியில் என்ன நிறம் எடுத்தார் என்றுதான் கேட்டார்கள். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கீழே இறங்கிப்போய் விசாரித்து வந்து, "பச்சை," என்று எல்லாருக்கும் பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் அறையில் கேட்பதை நம்பவே இல்லை. எந்த மாற்றம் செய்தாலும் கைப்பேசியோடு ஊர் சுற்றப் புறப்படுவார். பாசாரில் தேங்காய் துருவும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கேட்பார். மீன் வாங்கப் போவது போலப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அண்ணிக்கு அதில் தீராத வருத்தம். ஒருமுறை பெக்கான் நானாஸ் பக்கம் போனபோது என்னையும் மணிமாறனையும் அழைத்துப்போனார். சாலையோரத்தில் அன்னாசி சீவி விற்கும் ஓர் அக்கா, சத்தம் கூடட்டும் என்று கைப்பேசியைக் குவளைக்குள் போட்டு எங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொல்லாமல், "எப்படிக்கா இருக்கு இந்த ரேடியோ?" என்று அண்ணன் கேட்டார். "பாட்டு நல்லாத்தான் போடுறாங்க. அந்த அறிவிப்பாளர் பொண்ணுதான் வளவளன்னு பேசும்," என்றார் அக்கா. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மிகுந்த அக்கறையோடு, "பேச்சு தெளிவா கேக்குதா?" என்றார். "ஒரு எழுத்து விடாம கேக்குது!" என்றார் அக்கா, அலுப்போடு. திரும்பும் வழியெல்லாம் அண்ணன் விசிலடித்துக்கொண்டே காரோட்டினார்.

அந்த வளவளப்பு ஒருநாள் நின்றது. என் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. குரல் மாறக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரிந்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் குரல் காற்றாகிவிட்டது. பயிற்சிகளுக்குப் பிறகு சொற்கள் வந்தன. பழைய கணீர் வரவில்லை. ஒருநாள் துணிந்து மைக்கின் முன் உட்கார்ந்து பதிவு செய்து, அது நேயருக்கு எப்படிப் போகும் என்று போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே யாரோ மலையேறி வந்தது போல மூச்சிரைப்பு. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "வேற ஆளைப் பாருங்க," என்று மணிமாறனிடம் சொன்னேன். நிகழ்ச்சித் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது போதாது. பேசுவதைத் தவிர எனக்கு வேறெதுவும் இவ்வளவு பிடித்ததில்லை.

அண்ணன் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். "சரசு, மூச்சு வாங்குறது நீ இல்ல. என் செட்டிங்குதான்," என்றார். "சத்தம் குறையுற இடத்தையெல்லாம் தூக்குதுல்ல, உன் மூச்சைப் புடிச்சுத் தூக்குது. அன்னிக்குத் திரைச்சீலை அம்மாவைத் தூக்கின மாதிரி."

"அண்ணே, பழைய குரல் மாதிரி ஆக்க முடியுமா?" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் உடனே மறுக்கவில்லை. "செஞ்சு பாப்போம். நீயே கேட்டுட்டு முடிவு பண்ணு," என்றார்.

சில பிற்பகல்கள் அவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தோம். சுருதியை ஏற்றி, கனத்தைக் கூட்டி, எதையெதையோ சேர்த்து ஒரு குரலைச் செய்தார். அதைச் சத்தமாகப் போட்டபோது சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "யாருங்க அந்தப் பொண்ணு? பாவம், சளி புடிச்சிருக்கா?" நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரிப்புக்கூடக் காற்றாகத்தான் வந்தது. அதைப்பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

"பழசைச் செய்ய வேணாம்," என்றார் அண்ணன். "இந்தக் குரலைக் கேக்க வைக்கிறேன். அது என் வேலை. பேசுறது உன் வேலை."

சொல்வது எளிது. பாட்டும் என் குரலும் ஒரே அமைப்பின் வழியாகப் போயின. எனக்காக மென்மையாக்கினால் பாட்டு தூங்கியது. பாட்டுக்காக முடுக்கினால் நான் மலையேறினேன். கடைசியில் அவர் என் மைக்குக்கு மட்டும் தனி வழி ஒன்று அமைத்தார். மூச்சைத் தூக்காமல் சொல்லை மட்டும் முன்னே கொண்டுவருவது, கீழ்ச்சுரத்தில் கொஞ்சம் கதகதப்பு சேர்ப்பது, 'ச', 'ஷ' வரும்போது சற்றே அடக்குவது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் பேச்சு பாட்டோடு சேர்ந்து பொதுவான மென்பொருளுக்குள் போகும். நான் அதே வானிலைச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஜொகூரில் பிற்பகலில் மழை பெய்யலாம்" என்பதை இத்தனை முறை சொன்னவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை படித்து முடித்ததும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கேட்டேன். கரகரப்பான, வயதுகூடிய, நிதானமான ஒரு பெண் மழை வரும் என்றாள். அவளை நம்பத் தோன்றியது.

திரும்பி வந்த முதல் நாள் ஒலிபரப்பு. முதல் அழைப்பு ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பாட்டி. "புது அறிவிப்பாளர் நல்லாப் பேசுறாங்க. நிதானமா இருக்கு," என்றார். நான் நன்றி சொல்வதற்குள் தொடர்ந்தார்: "ஆனா எங்க சரசையும் சீக்கிரம் வரச் சொல்லுங்க. பாவம், அந்தப் பொண்ணு எங்க போச்சு?" கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அண்ணன் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்க, அவர் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் காட்டினார்: 'ரெண்டு பேரும் இருப்பாங்கன்னு சொல்லு.' அப்படியே சொன்னேன்.

இறுதிச் சடங்கன்று வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓதுவார் திருவாசகம் பாட மைக்கை வாங்கியதும் ஒலிபெருக்கி கீச்சென்று வீறிட்டது. அந்த நொடியில் வானொலிக்காரர்கள் அத்தனை பேரும், கூடாரத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து, ஒரே நேரத்தில் எழுந்தோம். மணிமாறன் ஒலியைக் குறைக்க ஓடினார், நான் ஒலிபெருக்கியைத் திருப்ப ஓடினேன், நடுவில் இருவரும் மோதிக்கொண்டோம். கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் அழுதுகொண்டிருந்த புவனா அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "பாரு," என்று தன் மகளிடம் சொன்னார், "உங்கப்பா பழக்கி வச்சிருக்கிற கூட்டத்தைப் பாரு." அந்த வீட்டில் அப்போது எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு திருவாசகம் தெளிவாகக் கேட்டது, ஓரத்தில் நின்றவர்களுக்கும்.

அவருடைய அமைப்புகள் கணினியில் அப்படியே இருக்கின்றன. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் அவையும் மாறக்கூடும். மாறட்டும், அவரே அடிக்கடி மாற்றியவர்தான். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. என் குரல் இன்னும் சில நேரம் நடுவில் நின்றுவிடும். முன்பெல்லாம் அப்படி நின்றால் பதறிப்போய் உடனே ஒரு பாட்டைத் தட்டிவிடுவேன். ஒருநாள் படியிறங்கும்போது அண்ணன் சொன்னார்: "நின்னா நிக்கட்டும். ஓடாத. கேக்குறவங்க உனக்காக இருப்பாங்க." அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த இந்தப் பொறுமையைத்தான் வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவரைப் பற்றி நேரலையில் பேசினேன். அவர் பெயரைச் சொன்ன இடத்தில் குரல் நின்றது. மணிமாறன் பாட்டுப் பொத்தானுக்குக் கை கொண்டுபோனார். வேண்டாம் என்று தலையசைத்தேன். காத்திருந்தேன். பிறகு குரல் வந்தது. விட்ட இடத்திலிருந்து பேசினேன்.