பலாப்பழம் விழுந்த பொனட்

"அங்கன வெயிலு மாப்ள. இப்படி மர நிழல்ல விடுங்க" என்றார் என் அண்ணன். லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லொறி ஓட்டுகிறவர் அவர். வாகன விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை. என் கணவர் முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, காரைச் சரியாகப் பலாமரத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் அண்ணன் வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே தொம்மென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினை மூடும் பொனட்டின் நடுவில் நீளமாக ஒரு விரிசல், அதன் நுனியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

அண்ணன் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "தகரமா இருந்தா நசுங்கியிருக்கும். இது ஃபைபரு மாப்ள."

"ஃபைபரோ?" என்றார் என் கணவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நமுனுகுல பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிளார்க். பழைய கார்தான் என்றாலும் அதைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லையென்று அதுவரை நம்பியிருந்தவர். பெண்டாட்டியின் கூந்தல் சவுரிமுடி என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டவர்போல் நின்றார். காரை எங்களுக்கு விற்றவர் எப்போதோ பொனட்டை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லாரையும்விட அதிர்ந்துபோனது என் தங்கச்சி. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அக்கா காரில்தான் கோவிலுக்குப் போவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

"மண்டை ஒடஞ்ச வண்டியிலயா என்னய அனுப்பப் போறீங்க?"

"ஏன் கத்துற? நான் எதுக்கு இருக்கேன்?" என்ற அண்ணன், வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்துவந்தார். லொறிக் கதவின் பள்ளத்தை நிரப்பியபின் மிஞ்சிய ஃபில்லர். குழைத்து, விரிசலின் மேல் இழுத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, பெயின்டும் அடித்துவிட்டார். பொழுது சாயும்போது பொனட் கண்ணாடிபோல் இருந்தது. என் கணவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுவாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஹப்புத்தளைப் பக்கம் போனோம். மலைப்பாதை முடக்குகளில் கார் குலுங்கக் குலுங்க, பொனட்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. "தூசி" என்றார் கணவர். கோடு வளர்ந்தது. "வெளிச்சம் அப்பிடித் தெரியுது" என்றார். பெரகல சந்திக்கு இறங்கும்போது அண்ணன் பூசியது முழுசாகத் தோசைபோல் கிளம்பி, காற்றில் புரண்டு, கடைத்தெருவில் போய் விழுந்தது. வடைக் கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஒங்க சாமான் விழுந்துருச்சுங்க."

"நன்றி" என்று அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார் என் கணவர். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் நான் பொனட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தேன். விரிசல் வழியாக வானம் தெரிந்தது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். கிழிசலுக்கு அடியில் துணி கொடுக்காமல் மேலே மட்டும் தைத்தால் நிற்காது என்பது எனக்குத் தெரியும். "அண்ணன் மேல மட்டும் பூசியிருக்காருங்க. அது எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?" என்றேன். மறுநாளே அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூவரும் பதுளைக்குப் போனோம்.

பெயின்ட் கடை அக்கா எடுத்தவுடன் கேட்டார்: "தகரத்துக்கா, ஃபைபருக்கா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

கடை அக்கா டின்களை வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்று வெண்ணெய்போல் வழவழப்பான ஃபில்லர், சின்னப் பள்ளத்துக்கும் கடைசிப் பூச்சுக்கும். இன்னொன்றைத் திறந்தால் உள்ளே தும்புபோல் நார் நாராகக் கிடந்தது. விரிசலையும் ஓட்டையையும் நிரப்ப அதுதான். கண்ணாடி இழை கலந்தது, இழுவை தாங்கும். அடியில் ஒட்ட கண்ணாடி இழைத் துணியும் ரெசின் என்ற பசையும் தனி.

"எல்லாத்துக்கும் சேத்து ஒரு டின் இல்லையோ?" என்று கேட்டார் என் கணவர்.

"இருந்தா நான் ஏன் இத்தனைய அடுக்கி வச்சிருக்கேன்?" என்றார் அக்கா.

டின்களோடு வீடு திரும்பினால், நமுனுகுல குளிர் எங்களை வேலை செய்ய விடவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த வேளையில் கணவர் நார் ஃபில்லரைக் குழைக்க உட்கார்ந்தார். "இஞ்சரும், குளிர்தானே. ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடப் போட்டால் கெதியா இறுகும்" என்று டியூபைப் பிதுக்கினார். கெதியாகத்தான் இறுகியது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கார் வரை நடப்பதற்குள் கல்லாகிவிட்டது. பூசும் கத்தியைப் பிடித்துத் தூக்கினால் தட்டும் சேர்ந்து வந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த முறை வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். விரிசலை அராவி அகலப்படுத்தினோம். அடியிலும் மேலும் பளபளப்புப் போகச் சொரசொரப்பாகத் தேய்த்தோம். அப்போதுதான் கவனித்தேன், கண்ணாடி இழைத் துணியை இரண்டு பேரும் என் தையல் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது என் கத்தரிக்கோலு!"

"துணிதானே" என்றார் கணவர்.

அன்றோடு வாய் மழுங்கி அந்தக் கத்தரிக்கோல் துணி வெட்டும் தொழிலை விட்டது. நான் ரெசின் வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன். அடியில் துணி, மேலே நார் ஃபில்லர், அது காய்ந்து தேய்த்தபின் வழவழப்பு ஃபில்லர் மெல்லிசாக. அவர்கள் தேய்த்தார்கள். கையுறை போடுங்கள் என்று நான் சொன்னதை இருவரும் கேட்கவில்லை. சாயந்தரம் இருவருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. முதுகை அங்கே சொறி, இங்கே சொறி என்று மச்சானும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டது எனக்குக் கத்தரிக்கோலுக்கு ஈடாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் தங்கச்சியின் தோழிகள் மல்லிகைச் சரங்களோடு வந்து பொனட்டை மூடப் பார்த்தார்கள். என் கணவர் குறுக்கே நின்றார்.

"பொனட்டில வேண்டாம். கூரையில போடுங்கோ."

"ஏன் அத்தான்?"

"இவ்வளவு பாடுபட்டது மறைக்கவோ?"

கடைசியில் பூ கூரைக்கும் கதவுக்கும் போனது. பொனட் மட்டும் வெறுமையாக மினுங்கிக்கொண்டு போனது. வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் காரோட்டிய கணவர் மூச்சைப் பிடித்ததைப் பின்சீட்டிலிருந்து நானும் தங்கச்சியும் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு கோடுகூட விழவில்லை. கோவில் வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா காரைச் சுற்றிவந்து, "இந்த எடத்துல மட்டும் கலர் லேசா மாறுதே?" என்று கேட்டார். அவ்வளவுதான். கணவரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டு, நார் ஃபில்லரில் தொடங்கினார்கள். தாலி கட்டப் போகிறார்கள் என்று நான்தான் வந்து மூவரையும் உள்ளே இழுத்துப்போக வேண்டியிருந்தது.