ரிஜெக்ட் சார் பாஸ் பண்ணிய ரேடியோ

தெருவில் எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் சார். அந்தப் பெயருக்கு அவர் திரும்பியும் பார்ப்பார். தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாகத் தரப் பரிசோதகர். ஐந்நூறு குழாய் கொண்ட ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒன்றை உருவி, இயந்திரத்தில் மாட்டி, திறந்து மூடித் திறந்து மூடி, சொட்டு விழும்வரை சாகடிப்பது அவர் உத்தியோகம். அந்த ஒன்று கௌரவமான வயதில் செத்தால் மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் மறுநாள் காலை கடைக்குப் போகும். அற்பாயுளில் செத்தால் அத்தனையும் உலைக்குப் போகும். இந்த நியாயம் மனிதர்களுக்குப் பொருந்துமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

வீட்டுச் சாமான் எதையும் அவர் இதுவரை பாஸ் பண்ணியதில்லை. மின்விசிறி பதினோரு வருடமாக ‘மறுபரிசீலனையில்’ சுற்றிக்கொண்டிருந்தது. 

“என்னை எப்படிங்க பாஸ் பண்ணீங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“உன் லாட்ல நீ ஒரே பீஸ். சாம்பிள் எடுக்க வழியில்லை” என்றார். அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். வேறு வழியும் இல்லை.

இப்படிப்பட்டவர் ஒரு ரேடியோ வாங்க நேர்ந்ததற்குக் காரணம் மாமனார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இரண்டு முட்டியும் மடங்காது. மகள் வீட்டில், கீழ்த்தளத்தில், உள்ளறைக் கட்டிலில் இருந்தார். தெரு இறக்கத்தில் முடிகிறது. இறக்கத்தின் கடைசி வீடு இவர்களுடையது. போன வருட மழையில் அவரை மூன்று தடவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். மூன்றும் போனில் வந்த சேதியை நம்பி. முதல் தடவை அணை உடைந்துவிட்டது என்றது போன். அணை இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாம் தடவை வெள்ளத்தில் பஸ் மிதக்கும் படம் வந்தது. அது வேறு நாட்டு பஸ் என்று அவரே கண்டுபிடித்தார், கதவு எதிர்ப்பக்கம் இருந்தது. மூன்றாம் தடவை தூக்கி முடித்த பிறகுதான் யார் சொன்னது என்று விசாரித்தார்கள். நான்காம் தடவை தண்ணீர் நிஜமாகவே வந்தது. அன்று கரண்டும் இல்லை, போனும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. விடியும்வரை சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. ஒரு சாண் என்பதைத் தன் கையாலேயே அளந்திருந்தார்.

இந்த வருடம் மழைக்கு ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டார்.

“இனிமே ரேடியோ சொன்னாத்தான் நாற்காலியில ஏறுவேன். பஸ்ல ஆளாளுக்குத் தட்டினா டிரைவர் எடுப்பானா? கண்டக்டர் விசில் ஒண்ணுதான் கணக்கு.”

“அதுக்கு நம்மகிட்ட ரேடியோ இல்லையேப்பா” என்றாள் மகள்.

“மாப்பிள்ளை எதுக்கு இருக்கார்?”

கட்டிலிலிருந்து மாடிக்கு நாற்பது நிமிடம். மதகு திறந்தால் தண்ணீர் தெருவுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் தூக்கும் நேரம் போக, மிஞ்சுவது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை எந்த ரேடியோவிடம் ஒப்படைப்பது என்பதுதான் ரிஜெக்ட் சாரின் முன் இருந்த கேள்வி. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அதையும் முதல் கடையில் வாங்கவில்லை.

ரேடியோக் கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே கதவைச் சாத்தியிருக்கலாம். வியாபாரி என்பதால் சிரித்தார். பன்னிரண்டு அலைவரிசை கொண்ட பெரிய செட் ஒன்றை எடுத்து வைத்தார்.

“கடல் தாண்டி எல்லாம் எடுக்கும் சார். நாலு கண்டமும் கேக்கலாம்.”

“எனக்கு அணை வரைக்கும் கேட்டாப் போதும். பதினாலு கிலோமீட்டர்.”

“நாலு கண்டமே எடுக்கும்போது பதினாலு கிலோமீட்டர் எடுக்காதா?”

எடுக்கவில்லை. உள்ளறையில் வைத்து மூன்று வேளை சோதித்தார். எங்கோ ஒரு தேசத்துக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் துல்லியமாகப் பேசினார்கள். நம் ஊர் நிலையம் மட்டும் பிரிட்ஜ் ஓடும் இரைச்சலுக்கு அடியில் முனகியது. “எங்கேயோ நாளைக்குப் பனி கொட்டுமாம், எச்சரிக்கை சொல்லிட்டாங்க. ஸ்வெட்டர் எடுத்து வைக்கட்டுமா?” என்று மனைவி கேட்டாள். அவர் நோட்டில் ‘தொலைவு நன்று, அருகில் இல்லை’ என்று எழுதினார். கலெக்டரைத் தெரிந்தவனுக்குக் கவுன்சிலரைத் தெரியாது என்று மாமனார் தன் தரப்பையும் பதிவு செய்தார்.

இரண்டாவது செட் சின்னது. ஆனால் டார்ச், சைரன், திசைகாட்டி, வெயிலில் சார்ஜ் ஏறும் தகடு, போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் ஓட்டை என்று சகலமும் அதில் உண்டு. கூடவே ரேடியோவும் இருந்தது. மாமனார் சத்தத்தைக் கூட்டப்போய் சைரனை அமுக்கிவிட்டார். தெருவே வாசலுக்கு வந்தது. மாடிவீட்டு வேன் டிரைவர் நாற்காலியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பழக்கம்.

“கண்ணு தெரியாத நேரத்துல கைக்குத் தட்டுப்படணும் மாப்பிள்ளை. இதுல எட்டு பொத்தான் இருக்கு, எட்டும் ஒரே அளவு. இது என்ன ரேடியோவா, பல்செட்டா?”

ரிஜெக்ட்.

மூன்றாவது, கடையின் மூலையில் அடுக்கிக் கிடந்த சாம்பல் நிறப் பெட்டி. இரண்டே அலைவரிசை. ஒரு பெரிய திருகு நிலையம் பிடிக்க, ஒரு சின்னத் திருகு சத்தத்துக்கு. மூன்று பென்சில் பேட்டரி. அது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒரு நிமிடம் சுற்றினால் ஏழெட்டு நிமிடம் பேசும். உள்ளறையில், கட்டிலருகே, பிரிட்ஜ் ஓடும்போதே நம் நிலையம் கணீரென்று கேட்டது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு திருகையும் தடவிப் பார்த்தார். குறை சொல்ல வாயைத் திறந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

“அப்ப முடிஞ்சுது. இதையே வெச்சுக்கலாம்” என்றாள் மனைவி.

“இன்னும் டெஸ்ட் ஆரம்பிக்கவே இல்லையே” என்றார் அவர்.

மறுநாள் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனார். குழாய் திறந்து மூடும் இயந்திரத்தில் ரேடியோவின் கைப்பிடியை மாட்டினார். இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் சுற்றியது. இடைவேளையில் தண்ணீர் தெளித்தார், மேஜை உயரத்திலிருந்து மூன்று தடவை போட்டார், எழுப்பி மறுபடி மாட்டினார். ரேடியோ எல்லாவற்றுக்கும் நடுவில் விவசாயச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. இருபத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது சுற்றில் உள்ளே பல்சக்கரம் உடைந்து, கைப்பிடி கழன்று, பேச்சு நின்றது. ரிஜெக்ட் சார் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஒரு தாளில் முழு விவரமும் எழுதி, அடியில் ‘தேர்ச்சி’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். 

புதன்கிழமை மாலை, பிணத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“என்ன சார், உடைஞ்சிருச்சா?” கடைக்காரர் முகம் வெளுத்தது.

“உடைஞ்சிருச்சு. பிரமாதமான ரேடியோ.”

கடைக்காரர் தாளை இரண்டு தடவை படித்தார். “சார், நீங்க ஒண்ணைப் பாஸ் பண்ணி நான் கேள்விப்பட்டதே இல்லை. இந்தப் பேப்பர் இங்கேயே இருக்கட்டுமே?”

“இருக்கட்டும். இதே லாட்ல எனக்கு ஒண்ணு வேணும்.”

“முப்பது இருக்கு. இப்பவே எடுத்துட்டுப் போங்க.”

“சாம்பிள் பாஸ் ஆனா லாட் மறுநாள்தான் ரிலீஸ். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு ஆபீஸ் விட்டு வர்றேன்.”

இருபத்தாறு வருடங்களில் ஒரு குழாய்கூடச் சோதனை நாளன்றே தொழிற்சாலையை விட்டுப் போனதில்லை. இவர் ஒரு ரேடியோவுக்காக அதை மாற்றுவாரா? கடைக்காரர் தாளைக் கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கம் தெரியும்படி ஒட்டினார். மேலே தன் கைப்பட, ‘ரிஜெக்ட் சாரே பாஸ் பண்ணியது’ என்று எழுதினார்.

வியாழன் மாலை அவர் போனபோது மூலை காலியாக இருந்தது.

“காலையில ஒரு மணி நேரத்துல பதினெட்டு போச்சு சார். மத்தியானத்துக்குள்ள மிச்சம். உங்க தெருவே வந்து வாங்கிட்டுப் போச்சு.”

“எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாமே.”

“நீங்க எடுத்து வைக்கச் சொல்லலையே. அடுத்த வாரம் வரும்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பனி பெய்யற செட்டு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?”

வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்துவிட்டு மனைவி சமையலறைக்குப் போனாள். அன்று இரவு முழுவதும் பாத்திரங்கள்தான் பேசின.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. அதன் பின்னாலேயே போனும் போனது. நான்கு மணிக்கு, மழைச் சத்தத்துக்கு மேலே, தெருவில் உள்ள எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே குரல், ஒரே நேரத்தில், ஒரே நிதானத்தோடு வந்தது. அணையின் நீர்மட்டம் கூடியிருப்பதால் நான்கரை மணிக்கு மதகுகள் திறக்கப்படும். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போய்விடவும்.

மனைவி உள்ளறைக்கு ஓடினாள். “அப்பா, ரேடியோ சொல்லிடுச்சு. எழுந்திரிங்க.”

“எந்த ரேடியோ?”

“தெரு முழுக்கச் சொல்லுதுப்பா.”

“போன வருஷமும் தெரு முழுக்கத்தான் சொல்லிச்சு. நம்ம ரேடியோ எங்க?”

ரிஜெக்ட் சார் அறை வாசலில் நின்றிருந்தார். “மாமா, நம்மது டெஸ்ட்ல போயிடுச்சு.”

“ஃபெயிலா?”

“பாஸ்.”

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். சர்வீஸில் சில்லறை இல்லாமல் ஏறியவர்களை இப்படித்தான் பார்த்திருப்பார். “அப்ப நான் வரலை” என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சாக்கடை மூடியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் குமிழி விட ஆரம்பித்திருந்தது. ரிஜெக்ட் சார் குடை எடுக்காமல் தெருவில் இறங்கினார். இருபத்தாறு வருடங்களில் யாரிடமும் எதையும் கேட்டு அவர் ஒரு வாசலிலும் நின்றதில்லை. அன்று நான்கு வாசலில் நின்றார். நான்கு இருபதுக்கு வேன் டிரைவர், எதிர்வீட்டுத் தையல்காரர், முனையில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு சாம்பல் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளறைக்குள் வந்து நின்றார்கள். நான்கையும் கட்டிலில் வரிசையாக வைத்தார்கள். பத்து நிமிடம் நான்கு பெட்டியும் சேர்ந்து தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசின. யாரும் அணைக்கவில்லை.

நான்கரைக்குச் செய்தி வந்தது. மதகு திறந்துவிட்டார்கள்.

மாமனார் ஒவ்வொரு பெட்டியாகக் காதில் வைத்துக் கேட்டார். “நாலும் ஒண்ணாத்தான் சொல்லுது” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா நம்ம தெருப் பேரைச் சொல்லலையே.”

“தாழ்வான தெருன்னு சொன்னாங்களே பெரியப்பா” என்றார் டிரைவர்.

“நம்மது தாழ்வா?”

“போன வருஷம் மேஜை மேல யாரு உக்காந்திருந்தது? நானா?”

மாமனார் யோசித்தார். அறையில் இருந்த ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு நிசப்தம் அவருக்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கிடைத்ததில்லை. அதை அனுபவித்து முடித்துவிட்டு, “ரைட்” என்றார்.

நாற்காலி பிளாஸ்டிக். முன்பக்க இடது காலைப் பிடித்தபோது ரிஜெக்ட் சாரின் விரலில் ஒரு கீறல் தட்டுப்பட்டது. மூன்று அங்குல நீளம். வேறு நாளாக இருந்தால் அங்கேயே இறக்கச் சொல்லியிருப்பார். அன்று கீறலின்மேல் உள்ளங்கையை வைத்து இறுக்கி மூடிக்கொண்டு தூக்கினார். 

பதினோராவது படியில், மாடிப்படி திரும்பும் இடத்தில், மாமனார் கையை உயர்த்தினார். 

“நிறுத்துங்க. மணி அஞ்சு. அடுத்த செய்தி கேட்டுட்டுப் போகலாம்.”

“அப்பா.”

“வாபஸ் வாங்கிட்டான்னா? திரும்ப இறக்கறது யாரு?”

அவர் மடியில் இருந்த பெட்டி முதலில் விளையாட்டுச் செய்திதான் வாசித்தது. தொண்ணூற்றிரண்டு கிலோவைப் பிடித்தபடி நான்கு பேர் ஒரு போட்டியின் முழு முடிவையும் கேட்டார்கள். தையல்காரரின் கை நடுங்கியது. மாமனார் அது தோற்ற அணிக்காக என்று நினைத்து, “விடுப்பா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று ஆறுதல் சொன்னார். கடைசியில் அணை வந்தது. வாபஸ் இல்லை. கூடுதலாக ஒரு மதகும் திறந்திருந்தார்கள்.

“ரைட், ரைட்” என்றார். இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக.

டிரைவர் வீட்டு முன்னறையில் நாற்காலியை வைத்தபோது ஐந்து இருபத்தைந்து. ஐந்து நாற்பத்தைந்துக்குத் தண்ணீர் வாசற்படி தாண்டிக் கட்டிலின் காலை நனைத்தது. ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜை மூழ்கியது. போன வருடம் மிஞ்சிய ஒரு சாண் இந்த வருடம் இல்லை. படியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வந்த மனைவி, கணவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிவந்து வரி விழுந்திருந்த அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

மாமனார் அந்தச் சாம்பல் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. பேச்சு மெலிந்தபோது கைப்பிடியைச் சுற்றினார். சக்கரம் வழுக்காமல் ஓடியது. திருகைத் தடவி நிலையத்தைச் சரிசெய்தார்.

“நல்ல ரேடியோவா இருக்கே டிரைவர். யார் செலக்ட் பண்ணது?”

“உங்க மாப்பிள்ளைதான் பெரியப்பா. அவர் எழுதிக் கொடுத்ததைப் பாத்துத்தான் தெருவே வாங்கிச்சு.”

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  பிறகு மருமகனைப் பார்க்காமலே சொன்னார்.

“சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.”